ஓட்டை பெரிதானால் யாருக்கு லாபம்

எங்கள் மூத்தார் சோறு இல்லாமல்கூட இருப்பார், விடுகதை போடாமல் இருக்க மாட்டார். மூத்தார் என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன், சண்முகசுந்தரம். செலியமேட்டில் அவர் வாயில் விழாத ஆள் கிடையாது. ஒரு சாவுக்குப் போன இடத்தில் பாடை கட்டுகிறவர்களைப் பார்த்து, "நாலு பேரு, எட்டுக் காலு. நடுவுல ஒருத்தன், காலு இருந்தும் நடக்கமாட்டான். அது இன்னா?" என்று கேட்டவர் அவர். செத்தவருடைய மகன் அடிக்கப் போய்விட்டான். நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள், அதுவும் எட்டுக் கால்தான்.

நான் நெட்டப்பாக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த மறுநாளே எனக்கும் ஒன்று போட்டார். இலை போட்டு உட்கார வைத்துவிட்டு, "எம்மா புதுப்பொண்ணு, பத்து வடை, பத்து ஓட்டை. ஒரு வடைய ரெண்டா பிச்சுட்டேன். இப்ப எத்தினி ஓட்டை?" என்றார். புதுப்பெண் தலையைக் குனிந்துகொண்டு முழிக்க வேண்டும், இவர் விடையைச் சொல்லிச் சிரிக்க வேண்டும். அதுதான் அவர் போட்ட திட்டம். எனக்கோ முதல் நாள் பூராவும் கல்யாண ஓமப் புகையில் உட்கார்ந்த எரிச்சல். "ஒம்பது. பிச்ச வடைய யாரு துன்னது? எனக்குப் போடுங்க" என்றேன். சபையே சிரித்தது. அவர் முகம் சுருங்கிப்போனது. அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் பகை.

என் வீட்டுக்காரர் தங்கவேல் கதை வேறு. அவரிடம் சின்ன வயதிலேயே மூத்தார் ஒன்று கேட்டிருக்கிறார். "மூணடி நீளம், மூணடி அகலம், மூணடி ஆழம். ஒரு குழி வெட்டினேன். குழிக்குள்ள எத்தினி கன அடி மண்ணு?" இவர் பாவம், உட்கார்ந்து பெருக்கி, "இருவத்தேழு" என்று சொல்லிவிட்டார். வெட்டின குழிக்குள் மண் ஏது? ஒன்றுமில்லை என்பதுதான் விடை. அதிலிருந்து தம்பிக்குப் பேரே இருபத்தேழு. "டேய் இருவத்தேழு, மாட்டப் புடிச்சிக் கட்டுடா." எங்கள் முதலிரவுக்கு இவர் உள்ளே போகும்போதுகூட, "இருவத்தேழு, கணக்குத் தப்பிடப்போவுது" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கதவைத் திறந்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன். இவர்தான், "வுடு, அண்ணன்தான" என்றார். எதற்கெடுத்தாலும் அவர் வாயில் வருவது அதுதான். வுடு, அண்ணன்தான.

அப்படி விட்டு விட்டுத்தான் எங்கள் கையில் கால் கிணறு மட்டும் நின்றது.

கிணறு என் மாமனாரும் அவர் தம்பியும் சேர்ந்து வெட்டியது. ஆளுக்கு அரை. தம்பி பிள்ளையில்லாமல் போகவும் அவர் அரையை மூத்தார் எழுதி வாங்கிக்கொண்டார். மாமனார் அரை இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்குக் காலாகப் பிரிந்தது. ஆக மூத்தாருக்கு முக்கால் கிணறு, எங்களுக்குக் கால். நிலம் பிரிக்கும்போதும் அவர்தான் முதலில் கை வைத்தார். ரோட்டோரம் விலை ஏறும் என்று ரோட்டோரத்தை எடுத்துக்கொண்டார். கிணற்றடிப் பள்ளத்தை எங்கள் தலையில் கட்டினார். அவர் கரும்புக்குத் தண்ணீர் போக வேண்டுமென்றால் எங்கள் நெல் வயல் ஓரமாகவே மண் வாய்க்காலில் வெகுதூரம் ஓட வேண்டும். வாய்க்கால் நெடுகவும் நண்டு வளை. தண்ணீர் விட்டால் முதலில் நண்டு குடிக்கும், பிறகு மண் குடிக்கும், மிச்சம்தான் கரும்புக்கு.

கால், முக்கால் என்று வாயால் சொல்லிவிடலாம். கிணற்றுத் தண்ணீரைக் காலாக எப்படிப் பிரிப்பது? அதற்குத்தான் வட்டில் இருந்தது. உள்ளங்கை இரண்டையும் சேர்த்து வைத்தால் அடங்குகிற செம்புக் கிண்ணம். அடியில் நடுவில் ஒரு பொடி ஓட்டை. அண்டாவில் தண்ணீர் ஊற்றி அதில் வட்டிலை மிதக்க விட்டால், ஓட்டை வழியாக மெல்ல மெல்லத் தண்ணீர் ஏறி, கடைசியில் முங்கிப்போகும். அது ஒரு வட்டில் நேரம். மூத்தாருக்கு மூன்று வட்டில் தண்ணீர் ஓடும், அப்புறம் மடையை மாற்றி எங்களுக்கு ஒரு வட்டில். கரண்ட் இருக்கிற பகல் முழுக்க இப்படியே சுற்றி வரும். மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்தில் வந்த ஏற்பாடு, மோட்டார் வந்தும் மாறவில்லை. நடுவில் கைக்கடிகாரம் பார்த்துப் பிரிப்போம் என்று ஒரு வருஷம் நடந்தது. மூத்தார் கடிகாரம் அவர் முறைக்கு மெதுவாகவும் எங்கள் முறைக்கு வேகமாகவும் ஓடியது. ஊரே சிரிக்கவும் திரும்ப வட்டிலுக்கே வந்தோம்.

வட்டிலில் திருட்டு நடக்கக் கூடாது என்பதற்கும் ஒரு முறை உண்டு. அவர்கள் பங்கு ஓடும்போது எங்கள் வீட்டு ஆள் அண்டா பக்கத்தில் காவல். எங்கள் பங்கு ஓடும்போது அவர்கள் வீட்டு ஆள் காவல். முங்கினதும் காவல் இருக்கிறவர் "முங்கிடுச்சி!" என்று கத்த வேண்டும். அடுத்தவன் தண்ணீரை நிறுத்துகிற குஷியில் கத்துகிறது சும்மா இல்லை, சாலை வரைக்கும் கேட்கும். எங்கள் பக்கம் நான். அவர்கள் பக்கம் மூத்தார் பெண்டாட்டி வள்ளிநாயகி அக்கா. வேலை முடிந்ததும் வட்டிலைக் கிணற்றடிப் பிள்ளையார் மாடத்தில் கவிழ்த்து வைத்துவிடுவோம்.

சும்மா உட்கார்ந்திருக்க எனக்குப் பிடிக்காது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டையை அவிழ்த்து வைத்துக்கொண்டு உரிப்பேன். ஒரு வட்டில் முங்குவதற்கும் ஒரு படி பருப்பு நிறைவதற்கும் சரியாக இருக்கும். மூத்தார் இதைப் பார்த்துவிட்டு, ஊர் முழுக்கச் சொல்லி வைத்தார். "நெட்டப்பாக்கத்துப் பொண்ணு கைய பாத்தியா? ஒரு படி மல்லாட்ட உரிக்க ஒரு வட்டில் ஆவுது! சோம்பேறி, சோம்பேறி!" பேசிக்கொண்டே உரிப்பேன், நடுநடுவே இரண்டை வாயிலும் போட்டுக்கொள்வேன், நேரம் ஆகத்தான் செய்யும். அவர் என்ன, பக்கத்தில் வந்து உட்கார்ந்தா உரித்துக் கொடுத்தார்?

அந்த வருஷம் மாசியில் வெயில் சீக்கிரமே பிடித்துக்கொண்டது. எங்கள் நெல் பால் பிடிக்கிற நேரம். அப்போது தண்ணீர் தப்பினால் கதிர் நிற்கும், உள்ளே அரிசி இருக்காது, எல்லாம் சாவி. மூத்தார் ஒரு நாள் வரப்பில் வந்து நின்றுகொண்டு இவரிடம் பேச்சுக் கொடுத்தார்.

"இருவத்தேழு, கால் கிணத்த வெச்சிக்கினு இன்னாடா பண்ணப்போற? எங்கிட்ட எழுதிக் குடுத்துடு. முழுக் கிணறா இருந்தா எனக்கும் மரியாத. ஒனக்கு வேணுங்கும்போது நான் பாத்து வுடறேன்."

"பாக்கலாம்ணே" என்றார் இவர்.

"பாக்கலாம் இன்னா பாக்கலாம்? இந்தப் போகம் நெல்லு சாவியாப் போனா அப்பத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் பாத்து விடுவதை நான் பார்த்ததில்லையா? கூலிக்காரனுக்குக் கூழ் ஊற்றும்போதே பாத்துத்தான் ஊற்றுவார், அடி தெரியும். கால் கிணறு போனால் எங்கள் நிலம் வெறும் பொட்டல். அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் அவர் கரும்புக்குக் களை எடுத்துக்கொண்டு, "இருவத்தேழு, இருவத்தேழு பொண்டாட்டி" என்று கூப்பிட்ட குரலுக்கு ஓட வேண்டியதுதான்.

இரண்டு நாள் கழித்து அவர் முறைக்குக் காவல் உட்கார்ந்தேன். படியில் மூன்றில் ஒரு பங்குதான் பருப்பு நிறைந்திருந்தது, அதற்குள் வட்டில் 'குளுக்'கென்று உள்ளே போய்விட்டது. பழக்க தோஷத்தில் "முங்கிடுச்சி!" என்று கத்திவிட்டுத்தான் யோசித்தேன். இரண்டாவது வட்டிலும் அப்படித்தான், மூன்றாவதும் அப்படித்தான். மூன்று வட்டிலுக்கும் சேர்த்து ஒரே ஒரு படி நிறைந்தது. அப்புறம் எங்கள் முறை. வள்ளிநாயகி அக்கா வெற்றிலையை மடித்து வாயில் போட்டு, அது சிவக்குமுன்னே "முங்கிடுச்சி" என்றாள். எப்போதும் தொண்டை கிழியக் கத்துகிறவள், அன்றைக்கு என் முகத்தைப் பார்க்காமல் முனகினாள். எங்கள் வயலில் தண்ணீர் பாதிகூடப் போகவில்லை.

வட்டிலை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். கடுகு நுழையாத ஓட்டையில் கம்பு மணி நுழையும் போலிருந்தது. ஓட்டையைச் சுற்றிச் செம்பு புதுசாகப் பளபளத்தது. யாரோ ஆணி வைத்து அடித்து அகலப்படுத்தியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ!

பக்கத்து வீட்டுப் பையனைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டு, நேராக வீட்டுக்குப் போய் இவரிடம் குதித்தேன். "உங்க அண்ணன் வட்டில்ல ஓட்டையப் பெருசாக்கிட்டாருங்க! நம்ப ஒரு வட்டில அர வட்டிலாக்கி, அதயும் கொறச்சி, நெல்லச் சாவடிச்சி, கிணத்தப் புடுங்கப் பாக்கறாரு. வாங்க, போயி நாலு வார்த்த கேப்போம்."

"வுடு, அண்ணன்தான" என்றார்.

முறத்தைத் தூக்கி அடித்தேன். இவர் மேல் இல்லை, சுவர் மேல். இவர் முறத்தை எடுத்து மாட்டிவிட்டு மடை பார்க்கப் போனார். நானும் பின்னாலேயே போனேன், வழியெல்லாம் திட்டிக்கொண்டே.

போய்ப் பார்த்தால், அட, எங்கள் முறை திரும்ப வந்திருந்தது. எப்போதும் மத்தியானத்துக்கு மேல் வருகிற முறை, சோறு ஆக்குவதற்குள் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் ஓடி நின்றது. அப்புறம் மறுபடியும் வந்தது. மாலையில் எங்கள் கடைசிப் பாத்தி வரைக்கும் தண்ணீர் தளதளவென்று நின்றது. முதலில் எனக்குப் புரியவில்லை. மறுநாள் காவல் இருக்கும்போது மல்லாட்டையை உரித்துக்கொண்டே கணக்குப் போட்டேன், புரிந்தது. புரிந்ததும் அண்டா பக்கத்தில் தனியாக உட்கார்ந்து நான் சிரித்த சிரிப்பில் காக்கை எழும்பிப் பறந்தது.

கணக்கு ரொம்பச் சுலபம். ஓட்டை பெரிதானால் எங்கள் வட்டில் மட்டுமா சீக்கிரம் முங்கும்? அவருடைய மூன்றும்தான் சீக்கிரம் முங்கும். முன்னே மூன்று வட்டில் என்றால் நான் மூன்று படி உரிக்கும் நேரம். ஒவ்வொரு தடவை தண்ணீர் விடும்போதும் காய்ந்த வாய்க்கால் நனையவே அதில் முக்கால் படி நேரம் போய்விடும், நண்டுக்கும் மண்ணுக்கும். மிச்சம் ரெண்டேகால் படி நேரம் அவர் கரும்புக்குப் பாயும். இப்போது மூன்று வட்டிலும் சேர்ந்து ஒரு படி. நண்டு தன் முக்கால் படியைக் குறைத்துக்கொள்ளுமா? அது ஓட்டை பார்த்தா குடிக்கிறது? மிச்சம் கரும்புக்குக் கால் படி. முறை மூன்று மடங்கு வேகமாகச் சுற்றி வருகிறது, சரி. மூன்று கால், முக்கால். முன்னே ரெண்டேகால் கிடைத்த நேரத்தில் இப்போது முக்கால். எங்கள் வயலோ கிணற்றடியிலேயே இருக்கிறது, வாய்க்கால் நஷ்டம் இல்லை. மூன்றில் ஒரு படி மூன்று தடவை, ஆக முழுசாக ஒரு படி, முன்னே இருந்தது அப்படியே. முக்கால் கிணற்றுக்காரருக்கு முக்கால் படி, கால் கிணற்றுக்காரிக்கு முழுப்படி. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது என்பார்களே, இந்த யானை அதற்கு ஆணியும் சுத்தியும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது.

நான் வாயைத் திறப்பேனா? எனக்கு வாய் இருக்கிறது என்றே அந்த நாட்களில் யாருக்கும் தெரியாது. அவர் முறையில் வட்டில் முங்க முங்க, "முங்கிடுச்சி, மாமா!" என்று மரியாதையோடு கத்தினேன். அவரும் ரோட்டோரத்திலிருந்து கையை ஆட்டி, "மூணாச்சா? செரி, மாத்திக்கோ" என்பார். மூன்று எண்ணிவிட்டார் அல்லவா, அவருக்குத் திருப்தி.

பங்குனி பிறந்தது. எங்கள் நெல் பால் முற்றி மணி பிடித்தது. அவர் கரும்பு நுனி மஞ்சளாகிச் சுருண்டது. அப்போதும் மனுஷனுக்கு ஓட்டை ஞாபகம் வரவில்லை, எங்கள் ஞாபகம்தான் வந்தது. நாங்கள் வாய்க்காலை உடைத்துத் தண்ணீரைத் திருடுகிறோம் என்று ஊரைக் கூட்டிவிட்டார்.

கிணற்றடியில் புங்க மரத்து நிழலில் கூட்டம். நடுவில் மேர் ஆதிமூலம் உட்கார்ந்திருந்தார். மேர் என்கிற அந்தப் பிரெஞ்சுக்காரன் காலத்து ஊர்த்தலைவர் பதவி போய் நாலைந்து வருஷம் ஆகியும் அந்தப் பட்டம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. பஞ்சாயத்து என்றால் அவர்தான். மூத்தார் தோள் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"மேரே, ஒரு கேள்வி. கால் பெருசா, முக்கால் பெருசா?"

"இதென்னாய்யா கேள்வி, முக்கால்தான்."

"அப்ப முக்கால் பங்குக்காரன் கரும்பு காயுது, கால் பங்குக்காரன் நெல்லு பச்சையா நிக்கிது. அது எப்பிடி? எந் தண்ணி இவங்க வயல் ஓரமாத்தான் வருது. வழியிலயே மடக்கிட்டாங்க. திருட்டு! கூடப்பொறந்தவனாச்சேன்னு கோர்ட்டுக்குப் போவல. அந்தக் கால் கிணத்த எம் பேருக்கு மாத்திக் குடுத்துடட்டும், நான் வுட்டுடறேன்."

கூட்டம் முணுமுணுத்தது. கேட்பவர்களுக்கு நியாயமாகத்தான் படும். நான் இவரைப் பார்த்தேன். இவர் தரையில் குச்சியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். "வுடு" என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்கு உயிரே இல்லை.

பிள்ளையார் மாடத்திலிருந்து வட்டிலை எடுத்து வந்து மேர் முன்னால் வைத்தேன். "நாங்க ஒரு சொட்டு திருடலங்க. இந்த ஓட்டையப் பாருங்க. யாரோ பெருசாக்கியிருக்காங்க. அதனால மாமா தண்ணிய வாய்க்காலே குடிச்சிடுது."

மேர் வட்டிலைத் தூக்கி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மூத்தார் ஒரு நிமிஷம் வெலவெலத்துப் போனார். ஆனால் அவர் வாய் சும்மா இருக்குமா?

"பாத்தீங்களா மேரே! எல்லாம் இவ வேலதான். யாரு வயலு பச்சையா கீது? இவ வயலு. அப்ப யாரு பண்ணியிருப்பா? இவதான்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதை நான் யோசிக்கவே இல்லை. லாபம் அடைந்தவள் நான். ஆணியும் அடித்தவள் நான்தான் என்றால் யார் இல்லை என்பார்கள்? தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிற முட்டாள் உலகத்தில் உண்டு என்று எப்படி நிரூபிப்பது? கூட்டமே என்னைத் திருடியைப் பார்க்கிற மாதிரி பார்த்தது. மேர், "இன்னாம்மா சுலோசனா?" என்றார். கிணறு கையைவிட்டுப் போகிற சத்தம் எனக்குக் கேட்டது.

அப்போதுதான் அந்த மனுஷனின் வியாதி எனக்கு ஞாபகம் வந்தது.

"செரி மாமா" என்றேன். "நான்தான் பண்ணேன்னே இருக்கட்டும். ஒரே ஒரு கணக்கு கேக்கறேன். உங்களால முடியலன்னா வேணாம், மேர் ஐயா சொல்லட்டும்."

"எனக்கு முடியாத கணக்கா? கேளு, கேளு."

"எனக்கு ஒரு வட்டில். உங்களுக்கு மூணு வட்டில். வட்டில்ல ஓட்டை பெருசாயிடுச்சி. யாருக்கு லாபம்?"

கூட்டம் யோசித்தது. மேர் விரலை மடக்க ஆரம்பித்தார். "ஒண்ணு... மூணு... இரும்மா, ஓட்டை பெருசானா சீக்கிரம் முங்கும்..." மேர் முந்திக்கொண்டுவிடுவாரோ என்று மூத்தார் தவித்த தவிப்பைப் பார்க்க வேண்டுமே. வாய் துடிக்கிறது, கை பறக்கிறது.

"யோவ் மேரே, இதுக்குப் போயி வெரல மடக்கற!" என்று பாய்ந்தார். "அவளுக்கு இருக்கறதே ஒண்ணு. அது சடக்குனு முங்கிடும், தண்ணி கடைசிப் பாத்திக்குப் போவாது, நெல்லு சாவியாப் பூடும். எனக்கு மூணு! ஓட்டை சிறுசானாலும் மூணு, பெருசானாலும் மூணு. மூணு எப்பவும் மூணுதான்யா. லாபம் எனக்குத்தான்! அதனாலதான—"

நின்றுவிட்டார்.

மேர் மெதுவாகக் கேட்டார், "அதனாலதான் இன்னா, சண்முகம்?"

மூத்தார் துண்டை எடுத்து வாயைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். வள்ளிநாயகி அக்கா கூட்டத்துக்குப் பின்னால் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். "ஆணியும் சுத்தியும் எடுத்துக்கினு கிளம்பும்போதே கேட்டேன், இன்னாத்துக்குய்யா இந்த வேலன்னு. பொம்பளைக்குக் கணக்கு தெரியாதுன்னாரு. இப்பக் கரும்பு பூடுச்சே! எம்மா, எல்லாம் பூடுச்சே!" அவள் அழுததைப் பார்க்க எனக்கே கஷ்டமாகத்தான் இருந்தது.

கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. மேர் கையை உயர்த்தி அடக்கினார். அப்போது என் வீட்டுக்காரர் குச்சியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். அவர் எழுந்து நான் சபையில் பார்த்ததே இல்லை.

"அண்ணே" என்றார். "நானும் ஒண்ணு கேக்கறேன். மூணு வட்டில், மூணு வட்டில்ங்கறியே. அந்த மூணு வட்டில்ல உங் கரும்புக்கு எவ்ளோ தண்ணி வந்துச்சி?"

மூத்தார் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"சொல்லுண்ணே. இருவத்தேழா?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. மூத்தார் தம்பி முகத்தைப் பார்த்தார், வட்டிலைப் பார்த்தார், ரோட்டோரத்தில் நின்ற மஞ்சள் கரும்பைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லடா தங்கவேலு" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கிணறு பிழைத்ததற்கு இல்லை. அந்த வீட்டுக்கு நான் வந்து இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து என் புருஷன் பேரை அன்றைக்குத்தான் கேட்டேன்.

மேர் தீர்ப்புச் சொன்னார். கால் கிணறு பேச்சை மூத்தார் இனி எடுக்கக் கூடாது, பிள்ளையார் மேல் அடித்துச் சத்தியம். அடித்தார். வட்டில் ஓட்டையை அடைத்துப் பழையபடி சின்ன ஓட்டை போட வேண்டும். பாகூரிலிருந்து ஈயம் பூசுகிற மரியதாசை அழைத்து வந்தார்கள். அவர் அடுப்பை ஊதிக்கொண்டே, "பழைய ஓட்டைன்னா எவ்ளோ? அளவு சொல்லுங்க" என்றார். யாருக்குத் தெரியும்? ஓட்டையை அளந்து எடுத்து வைத்தவர் யார்?

மேர் தாடையைச் சொறிந்தார். "சண்முகம், நீதான ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்த? சுலோசனா ஒரு படி மல்லாட்ட உரிச்சா ஒரு வட்டில்னு. அதான் அளவு. உக்காரும்மா."

முறத்தையும் படியையும் வைத்துக்கொண்டு அண்டா பக்கத்தில் உட்கார்ந்தேன். மரியதாஸ் ஓட்டையை அடைத்து, ஊசி முனையால் புதிதாக ஒன்று குத்தி, வட்டிலை மிதக்க விட்டார். படி நிறையும்போது அது முங்க வேண்டும். முன்னால் முங்கினால் ஓட்டையைக் குறைக்க வேண்டும், மிதந்தால் அகலப்படுத்த வேண்டும். ஊரே சுற்றி நின்றது.

இரண்டு கையாலும் உரிக்க ஆரம்பித்தேன் பாருங்கள், பட் பட் பட்டென்று. தோல் பறந்தது. பேச்சு இல்லை, மூச்சு இல்லை. கண் மூடித் திறப்பதற்குள் படியில் பருப்பு ஏறிக்கொண்டு வந்தது. இந்த வேகத்தில் படி நிறைந்தால் வட்டில் நேரம் குறையும். வட்டில் குறைந்தால் மறுபடியும் நண்டுக்குத்தான் யோகம். அந்தக் கணக்கு இப்போது மூத்தாருக்கு நன்றாகப் புரிந்திருந்தது. முகம் வெளுத்து, குனிந்து, என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எம்மா... எம்மா சுலோசனா. இன்னாம்மா அவசரம்? மெதுவா உரிம்மா."

"சோம்பேறின்னு பேரு வந்துடுமே மாமா?"

"யாரு சொன்னது? எவன் சொன்னான்? ஒங் கை மாதிரி ஊர்ல யாருக்கு வரும்?" சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "காலையில இருந்து ஒண்ணும் சாப்புட்டிருக்கமாட்ட. ரெண்டு வாயில போட்டுக்கினு உரி."

கையை நிறுத்தினேன். முறத்திலிருந்து ஒரு மல்லாட்டையை எடுத்து, அவர் பார்க்க மெல்ல உடைத்து, பருப்பை வாயில் போட்டு மென்றேன். பக்கத்தில் நின்ற வள்ளிநாயகி அக்காவை இழுத்து உட்கார வைத்து, அவள் கையிலும் இரண்டைக் கொடுத்து, ஊர்க்கதை பேச ஆரம்பித்தேன்.